பேஸ் கேம்ப் பார்த்த பிறகு இறங்கும் நாட்கள்: முட்டி, மாத்திரை, லுக்லா விமானம்

கேள்வி: எனக்கு வயது 48, கணவருக்கு 55. கோயம்புத்தூரில் இருக்கிறோம். அவர் சில வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வரும் ஏப்ரலில் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறோம். வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள்தான், அதனால் ஏற்றத்தில் பயமில்லை. ஆனால் இறங்கி வந்த பிறகு எனக்கு இரண்டு முட்டியும் நாலைந்து நாள் வலிக்கும். எங்கள் திட்டத்தில் ஏறுவதற்கு எட்டு நாள், இறங்குவதற்கு மூன்று நாள். பேஸ் கேம்ப் பக்கத்தில் எவரெஸ்ட் நன்றாகத் தெரியும் காலா பத்தர் குன்றைப் பார்த்துவிட்டு அன்றே பெரிச்சே, மறுநாள் நாம்சே, அதற்கு மறுநாள் விமான நிலையம் இருக்கும் லுக்லா. நான்காம் நாள் காலை விமானத்தில் காத்மாண்டு வந்து, அன்று மாலையே டெல்லி. “இறக்கம்தானே, மூன்று நாள் தாராளம்” என்கிறார்கள் ஏற்பாடு செய்பவர்கள். நண்பர்களில் சிலர், பேஸ் கேம்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பிலிருந்து ஹெலிகாப்டரில் வந்துவிடலாம் என்கிறார்கள். என் முட்டி தாங்குமா? உயர நோய் வராமல் இருக்கச் சாப்பிடும் டயமாக்ஸ் மாத்திரையை எப்போது நிறுத்துவது? ஹெலிகாப்டர் நல்ல யோசனையா?

மலையேற்றக் குழுக்களுடன் செல்லும் மருத்துவரின் பதில்:

வணக்கம்.

உங்கள் முட்டியைவிட உங்கள் பயணத் திட்டம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இறங்குவதற்கு ஒரு நாள் கூட்டுங்கள். லுக்லாவுக்கும் டெல்லி விமானத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் காலியாக விடுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

ஏறும்போது எட்டு நாள் எடுப்பது நுரையீரலுக்காகவும் மூளைக்காகவும். காற்றில் ஆக்சிஜன் குறையக் குறைய உடம்பு பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும். அதற்காகத்தான் நாம்சேயில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் என்று நிறுத்தி நிறுத்திப் போகிறோம். இறங்கும்போது அந்தத் தேவை கிடையாது. எவ்வளவு சீக்கிரம் கீழே வருகிறோமோ அவ்வளவுக்கு மூச்சுக்கு நல்லது. ஏற்பாட்டாளர்கள் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் மூன்று நாள் போதும் என்கிறார்கள். கால்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தப் பாதையைக் கொஞ்சம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். காலா பத்தர் சுமார் 5,545 மீட்டர், பெரிச்சே சுமார் 4,370 மீட்டர். விடியற்காலை குளிரில் ஏறி, அன்றே கிட்டத்தட்ட 1,200 மீட்டர் இறங்குகிறீர்கள். மறுநாள் பெரிச்சேயிலிருந்து பாங்போச்சே வழியாக ஆற்றுக்கு இறங்கி, மறுபடியும் தெங்போச்சே மடாலத்துக்கு, 3,867 மீட்டருக்கு, ஏற வேண்டும். அங்கிருந்து புங்கி தெங்கா பாலத்துக்கு ஒரே மூச்சில் 600 மீட்டர் இறக்கம். பாலத்தைத் தாண்டியதும் திரும்பவும் நல்ல ஏற்றம். அதற்கப்புறம்தான் மலையை ஒட்டிப் போகும் பாதை நாம்சேக்குக் கொண்டுபோய் விடும். மூன்றாம் நாள் நாம்சேயிலிருந்து தூத் கோசி ஆறு வரை இன்னொரு 600 மீட்டர் செங்குத்து இறக்கம். அதன் பிறகு பாக்டிங் வரை சுமாரான பாதை. கடைசியில் ஒரு சங்கதி இருக்கிறது. பாக்டிங் 2,610 மீட்டரில் இருக்கிறது, லுக்லா 2,860 மீட்டரில். அதாவது பயணத்தின் கடைசி இரண்டு மணி நேரம் ஏற்றம். காலையில் நாம்சேயில் கிளம்பி, பல மணி நேரம் நடந்து களைத்தவர்கள், சாயங்காலம் சௌரிகர்க்கா கிராமத்தின் கல்படிகளில் அந்த ஏற்றத்தைச் சந்திக்கிறார்கள். பலருக்கு மொத்தப் பயணத்திலும் மனம் நொந்துபோகும் இடம் அதுதான்.

இப்போது முட்டிக்கு வருகிறேன். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, உங்கள் எடை மொத்தமும் சரிந்து விழாமல் பிடித்து நிறுத்த வேண்டும். இந்த இரண்டாவது வேலையில் மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது. அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இதில்தான் அதிகம். அந்தச் சேதம் அன்றைக்கே வலிக்காது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். உங்கள் திட்டத்தில் அந்த உச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நாம்சேக்குக் கீழே உள்ள இறக்கத்தில், நீளமான நடை இருக்கிற நாளில்.

எங்கள் குழுவில் வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், நல்ல உடல் வாகு, காலா பத்தரிலிருந்து பெரிச்சே வரை ஓட்டமும் நடையுமாக வந்தார். அன்று இரவு பூண்டு சூப் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, நாளைக்கே லுக்லா போய்விடலாம் போலிருக்கிறது என்றார். மூன்றாம் நாள் காலை, நாம்சேக்குக் கீழே அதே மனிதர் பின்பக்கமாகத் திரும்பி, கைடின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினார். தொடை மடங்கவே மறுத்தது. மூட்டில் ஒரு குறையும் இல்லை, தசைதான் கைவிட்டுவிட்டது. பிரேக் தேய்ந்த லாரியை மலைப்பாதையில் இறக்குவது மாதிரி, தசை பிடிக்காதபோது அந்தச் சுமை முழுவதும் மூட்டுக்குப் போய்ச் சேருகிறது. உங்களுக்கு வெள்ளியங்கிரிக்குப் பிறகு நாலைந்து நாள் வலிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு விஷயம். முட்டி வீங்குகிறதா, நடக்கும்போது சிக்கிக்கொள்கிறதா, திடீரென்று மடங்கி விழப்பார்க்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஏப்ரல் வரை காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்றும் இல்லையென்றால் பயிற்சி போதும். இன்னும் நேரம் இருக்கிறது. அடுக்குமாடிப் படிகளில் ஏறிப் பயிற்சி செய்கிறவர்கள் இறங்கும்போது லிஃப்டில் வந்துவிடுகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். லிஃப்டில் மேலே போய், படியில் மெதுவாக இறங்குங்கள். முதல் வாரம் கொஞ்சமாக, அப்புறம் வாரம் இரண்டு மூன்று முறை. தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு முறை இறங்கி வலித்த தசை, சில வாரங்களுக்குள் மறுபடி அதே வேலை கொடுத்தால் முன்பு போல் சேதப்படாது. வருடத்துக்கு ஒரு முறை வெள்ளியங்கிரி போவதால் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை, இடைவெளி அதிகம். கிளம்புவதற்கு முந்தைய ஆறெட்டு வாரம் தொடர்ந்து இறங்கிப் பழகினால் கிடைக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, இரண்டு ஊன்றுகோல். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வெள்ளியங்கிரியில் மூங்கில் கம்பு ஊன்றி இறங்கிய கைக்கு இதன் அருமை தெரியும். இறங்கும்போது கோலின் நீளத்தை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கோல் முதலில், கால் பிறகு. எட்டி வைக்காதீர்கள், சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முட்டியை ஒருபோதும் விறைப்பாக நீட்டி ஊன்ற வேண்டாம். உயரமான கல்படி வந்தால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். யார் முந்திக்கொண்டு போனாலும் போகட்டும்.

காலணி விஷயத்தில் ஒரு சின்ன வேலை பெரிய தொல்லையைத் தவிர்க்கும். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து, விரல் நுனி ஷூவில் இடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஊர் திரும்பியவர்களுக்குக் கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகிறது. நாம்சேயில் ஏறும் வழியில் தங்கும்போதே நகத்தை ஒட்ட நறுக்கிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் குதிகாலைப் பின்னால் தள்ளி வைத்து, கணுக்கால் மடிப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாக இருக்கலாம்.

வலி மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது உங்கள் கணவரின் ரத்த அழுத்த மாத்திரைதான். குழுவில் யாராவது ஒருவர் பையில் இபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் இருக்கும். “சார், கால் வலிக்கிறதா, இதைப் போட்டுக்கோங்க” என்று உங்கள் கணவரிடம் நீட்டுவார்கள். அவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை எது? டெல்மிசார்டன், ராமிப்ரில் வகையா? அதோடு நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கிறதா? அப்படி இருந்தால், உடம்பில் நீர் வற்றிய நிலையில் இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும். மலையில் நீர் வற்றுவது சகஜம். குளிரில் தாகம் தெரியாது, வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நிறைய நீர் போய்விடும், டயமாக்ஸும் சிறுநீரைக் கூட்டும் மருந்துதான். ஆகவே அவருக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். தேவைப்பட்டால் மேலே தடவும் களிம்பு. அவருடைய மருத்துவரிடம் கிளம்பும் முன்பே இந்தப் பேச்சை எடுங்கள், டயமாக்ஸ் அவருக்குச் சரிப்படுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். மேலே போனால் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவது இயல்பு. அதைப் பார்த்து அவராகவே அளவைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. கீழே வந்ததும் தானாக இறங்கும், அப்போது கூட்டிய மாத்திரை தலைச்சுற்றலில் கொண்டுவிடும்.

டயமாக்ஸ் எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்குப் பதில் சுலபம். உயரத்துக்குப் பழகத்தான் அந்த மருந்து. தடுப்புக்காகச் சாப்பிடும் வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. காலா பத்தர் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கும் நாளோடு நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. விரல் நுனிகளில் இருந்த குறுகுறுப்பும் ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் இறங்கும்போதும் ஒருவருக்குத் தலைவலியோ குமட்டலோ தொடர்ந்தால் அவருக்கு இந்த விதி பொருந்தாது. அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மேலே போனவருக்குக் கீழே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் உண்மைதான். உயர நோய்க்கு முதல் மருந்தே இறங்குவதுதான். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கோரக் ஷெப்பில் தங்கும் அந்த ஓர் இரவில். 5,160 மீட்டரில் தூங்குகிறீர்கள். நல்லா இருந்தவர்கூட மறுநாள் காலை சோர்ந்து எழுந்திருப்பார். “இன்னும் காலா பத்தர் மட்டும்தானே, பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்” என்று அவரே சொல்வார், சுற்றி இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். அங்கேதான் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ளுங்கள். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகால் விரல் நுனியைத் தொடும்படி நேராகப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா, படுத்தால் அதிகமாகிறதா, மற்றவர்களைவிட மிகவும் பின்தங்குகிறாரா? நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இந்த இரண்டில் எதுவானாலும் காலா பத்தரை மறந்துவிட்டு உடனே கீழே கொண்டுபோங்கள். ஹெலிகாப்டர் வரட்டும், விடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வழியில் கீழே இருக்கும் லோபுச்சே போய்ச் சேர்ந்தாலும், துக்லா போய்ச் சேர்ந்தாலும் அத்தனைக்கு அத்தனை லாபம். நோயாளியைப் போர்ட்டர் ஒருவரோடு மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்கள் படம் எடுக்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவருடைய மொழி பேசுகிற, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடவே இறங்க வேண்டும். அவர் குழம்பிப் பேசுகிறார் என்பது வீட்டு மனுஷருக்குத்தான் சட்டென்று தெரியும்.

பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1973 முதல் இருக்கிறது. மலையேற்றப் பருவங்களில், அதாவது நீங்கள் போகும் ஏப்ரலிலும், மருத்துவர்கள் இருப்பார்கள். இறங்கும் வழியில் அங்கேதான் தங்குகிறீர்கள். சந்தேகம் இருந்தால் காட்டிவிட்டு வாருங்கள். குழுவில் பாதிப் பேருக்கு வறட்டு இருமல் இருக்கும். இந்தப் பகுதியின் பெயரால் கும்பு இருமல் என்றே அதற்குப் பெயர். குளிர்ந்த வறண்ட காற்றை வாய் வழியாக நாட்கணக்கில் இழுத்ததால் வருவது. அது கீழே வந்தும் ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தால் கொஞ்சம் குறையும். இருமலோடு காய்ச்சலோ, ஓய்விலும் மூச்சிரைப்போ, நுரைத்த சளியோ சேர்ந்தால் அது வேறு சமாச்சாரம்.

நாம்சேக்கு மேலே குந்தேயில் எட்மண்ட் ஹில்லாரி 1966-இல் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது. கைடுக்கும் தெரிந்திருக்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

நோய் ஒரு பக்கம் இருக்கட்டும். கடைசி நாட்களில் நான் அதிகம் கட்டுப்போடுவது கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும்தான். பேஸ் கேம்ப் பார்த்தாயிற்று, இனி என்ன என்று மனசு இளகிவிடுகிறது. செல்போனில் சிக்னல் வந்துவிடும், நடந்துகொண்டே வீட்டோடு பேசுவார்கள். கல்படிகளில் மெல்லிய மண் தூசு படிந்திருக்கும், மழை பெய்திருந்தால் சாணமும் சேர்ந்து வழுக்கும். குழு நீண்டுவிடும். வேகமாக நடப்பவர்கள் அடுத்த ஊரில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், வலியோடு நடப்பவர் கடைசியில் தனியாக வருவார். உங்கள் எட்டுப் பேரில் கடைசியாக வருபவர் நீங்களாக இருக்கலாம். வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இறங்கும்போது கைடு ஒருவர் என் பின்னால் வர வேண்டும் என்று.

கழுத்து மணிச் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். சரக்கேற்றிய கோவேறு கழுதைகளும் யாக் கலப்பின மாடுகளும் வரிசையாக வரும். மலைச்சுவர் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் ஒதுங்க வேண்டாம். அதன் முதுகில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரோ மூட்டையோ லேசாகத் தட்டினாலே போதும், ஆளைத் தள்ளிவிடும். தொங்கு பாலத்தில் அவை ஏறிவிட்டால் முழுக்கக் கடந்து முடியும் வரை காத்திருங்கள்.

லுக்லாவில் நடை தொடங்கும் இடத்தில் பசாங் லாமு ஷெர்பாவின் நினைவாக ஒரு நுழைவாயில் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரம் தொட்ட முதல் நேபாளப் பெண். 1993 ஏப்ரலில் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில் மோசமான வானிலையில் சிக்கி இறந்தார். நீங்கள் போவது சிகரத்துக்கு இல்லை, உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. இருந்தாலும் அந்த வாயிலைக் கடக்கும்போது உங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் கதையைச் சொல்லுங்கள். இறங்கும் நாட்களை இலேசாக எண்ணும் ஏற்பாட்டாளருக்கும் சொல்லுங்கள்.

ஹெலிகாப்டர் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடம்புக்கு உண்மையிலேயே முடியவில்லை என்றால் தயங்காமல் ஏறுங்கள். அதற்காக உங்கள் காப்பீடு 6,000 மீட்டர் உயரம் வரை மலையேற்றத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்துமா என்று பாலிசியைக் கையில் வாங்கிப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல இவ்வளவு உயரத்துக்குப் பொருந்தாது. முட்டி வலிக்காகவோ நேரம் மிச்சம் பிடிக்கவோ ஏறுவதானால் அது உங்கள் சொந்தக் காசு. அதில் தப்பில்லை, வசதி இருந்தால் போகலாம். ஆனால் “லேசாகத் தலை வலிக்கிறதா, ஹெலிகாப்டரைக் கூப்பிடுகிறோம், காப்பீட்டில் வந்துவிடும்” என்று யாராவது வற்புறுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேவையில்லாத மீட்புகளைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் கறப்பது பெரிய மோசடியாகி, 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. இன்னொன்று, மேகம் மூடினால் ஹெலிகாப்டரும் பறக்காது. அதை நம்பி நாட்களைக் குறைக்க முடியாது.

இதே மேகம்தான் லுக்லாவிலும் உங்களை நிறுத்திவைக்கப்போகிறது. அங்குள்ள டென்சிங் ஹில்லாரி விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் ஏறக்குறைய 12 சதவீதச் சரிவில். ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளம். விமானங்கள் மேல்நோக்கி இறங்கும், கீழ்நோக்கிக் கிளம்பும். கண்ணால் பார்த்து இறக்க வேண்டிய இடம் என்பதால் மேகம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். பிற்பகலில் காற்றும் மேகமும் ஏறிவிடுவதால் பெரும்பாலும் முற்பகலோடு சரி. காலையில் இரண்டு மணி நேரம் மூடினால் அன்றைய விமானங்கள் மறுநாளுக்குத் தள்ளும், மறுநாள் கூட்டம் இரட்டிப்பாகும். 2011 நவம்பரில் மோசமான வானிலையால் ஆயிரக்கணக்கானோர் கிட்டத்தட்ட ஒரு வாரம் லுக்லாவில் மாட்டிக்கொண்டார்கள்.

உங்கள் திட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஏப்ரல் கூட்டம் மிகுந்த பருவம். அந்த மாதங்களில் காத்மாண்டு விமான நிலையத்தின் நெரிசல் காரணமாக லுக்லா விமானங்களைப் பெரும்பாலும் ராமேசாப் மாவட்டத்தின் மந்தலி விமான நிலையத்திலிருந்து இயக்குகிறார்கள். அப்படியானால் நீங்கள் இறங்குவது காத்மாண்டுவில் இல்லை, மந்தலியில். அங்கிருந்து வளைந்து வளைந்து போகும் சாலையில் நாலைந்து மணி நேரம். அன்று மாலை டெல்லி விமானத்தைப் பிடிப்பது என்பது, எல்லாம் சரியாக நடந்தாலும் நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற பயணம். உங்கள் டிக்கெட் காத்மாண்டுவுக்கா மந்தலிக்கா என்று இன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெல்லி டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப் போடுங்கள், ஒரு நாள் நடைக்கு, இரண்டு நாள் லுக்லாவுக்கு. வானிலை நன்றாக இருந்தால் அந்த இரண்டு நாளும் காத்மாண்டுவில் பசுபதிநாதரைத் தரிசிக்கவும் பக்தபூரைச் சுற்றவும் ஆகும். வானிலை மோசமானால் அந்த நாட்கள்தான் உங்களைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் வலியோடு, இருட்டிய பிறகும் நடக்க வைப்பார்கள். விபத்துகள் அப்போதுதான் நடக்கின்றன.

நடைக்கான மாற்றம் இதுதான். காலா பத்தர் நாளில் பெரிச்சே. முட்டி முரண்டு பிடித்தால் லோபுச்சேயிலோ துக்லாவிலோ நின்றுவிடுங்கள், தவறில்லை. மறுநாள் நாம்சே. மூன்றாம் நாள் மோஞ்சோ அல்லது பாக்டிங்கோடு நிறுத்துங்கள். தொடை அதிகமாக வலிக்கும் நாள் அரை நாளாகிவிடும். நான்காம் நாள் காலை புத்துணர்ச்சியோடு அந்தக் கடைசி ஏற்றத்தை ஏறி, மதியத்துக்குள் லுக்லா. சுமை தூக்கி வந்த போர்ட்டர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும், அவர்களுக்கான அன்பளிப்பை அவரவர் கையில் நேராகக் கொடுக்கவும் நேரம் இருக்கும். அவசரமாக வந்து சேரும் குழுக்கள் மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவதை நான் விரும்புவதில்லை. உங்கள் சுமையைத் தூக்கியவர்களும் அதே படிகளில், அதே முட்டிகளோடுதான் இறங்கினார்கள். கிளம்பும் முன்னரே ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்றும், அவர்களுக்குக் குளிருடையும் காப்பீடும் உண்டு என்றும் ஏற்பாட்டாளரிடம் உறுதி வாங்குங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நாம்சே வந்ததும் கொண்டாட்டம் என்று இறைச்சியும் மதுவும் கேட்பார்கள். அந்தப் பகுதியில் விலங்குகளை அறுப்பதில்லை, இறைச்சி கீழிருந்து நாட்கணக்கில் சுமந்து வரப்படுகிறது. வயிற்றுப்போக்கோடு கடைசி இரண்டு நாள் நடப்பது பெரும் அவதி. லுக்லா வரை பருப்புச் சோறே சாப்பிடுங்கள், ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும். மதுவைக் காத்மாண்டுவுக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு தொடை வலி ஒரு வாரத்தில் போய்விடும். முகமும் கணுக்காலும் லேசாக வீங்கியிருந்தால் அதுவும் வடியும். முட்டி வலி இரண்டு வாரம் தாண்டினால் காட்டுங்கள். கணவருக்கு வந்த இரண்டாம் நாளே ரத்த அழுத்தமும், ஒரு வாரத்துக்குள் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால், அதை நடைவலி என்று எண்ணித் தைலம் தேய்க்க வேண்டாம். நீண்ட விமானப் பயணத்துக்கும் நீர் வற்றலுக்கும் பிறகு ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.